அறிவுரையால் நோய் குறையுமா? ஜப்பானிய ஆய்வுகள் காட்டுவது

உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ இருப்பதாகக் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரும் மருந்துச் சீட்டுடன் சில சொற்களையும் பெற்றுக்கொண்டு வீடு திரும்புகின்றனர். உப்பைக் குறையுங்கள், நாள்தோறும் நடங்கள், எடையைக் குறையுங்கள் என்பவை அச்சொற்கள். மாத்திரை ஒன்று பலன் தருகிறதா என்பது பல ஆயிரம் பேரிடம் சோதித்து அறியப்பட்ட பின்னரே உங்கள் கைக்கு வருகிறது. அதே கேள்வியை இந்த அறிவுரைகளிடமும் கேட்க வேண்டாமா? சொல்வதால் நோயாளி மாறுகிறாரா, மாறினால் நோய் குறைகிறதா, எத்தனை முறை சொன்னால், யார் சொன்னால் குறைகிறது?

இக்கேள்விகளை நீண்ட காலமாக முறைப்படி ஆராய்ந்து வரும் நாடுகளுள் ஜப்பான் ஒன்றாகும். அங்கு 2024 ஏப்ரலில் நாடு தழுவிய உடல்நல அறிவுரைத் திட்டத்தின் விதிகள் மாற்றப்பட்டன. அம்மாற்றத்திற்குப் பின்னால் உள்ள ஆய்வுகளை, நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்கும் பயன்படும் அளவில் இங்கு விளக்குகிறோம்.

இடுப்புச் சுற்றளவும் ஓர் அழைப்புக் கடிதமும்

ஜப்பானில் 2008 ஆம் ஆண்டு முதல் 40 முதல் 74 வயது வரையுள்ள அனைவருக்கும் ஆண்டுதோறும் உடல்நலப் பரிசோதனை வழங்குவது காப்பீட்டு அமைப்புகளின் சட்டப்படியான கடமையாகும். தொப்புள் மட்டத்தில் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்து, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றும் மிகுந்திருந்தால், அறிவுரை பெற வருமாறு அவருக்கு அழைப்பு அனுப்பப்படுகிறது. மருத்துவர், உணவியல் வல்லுநர் அல்லது பொதுநலச் செவிலியர் முதல் சந்திப்பில் ஏறத்தாழ 20 நிமிடம் பேசி இலக்குகளை வகுக்கிறார். பின்னர் மூன்று முதல் ஆறு மாதங்கள் தொடர்பில் இருக்கின்றனர். மக்கள் பேச்சுவழக்கில் இத்திட்டத்தின் பெயர் 'மெத்தாபோ' பரிசோதனை.

'ஜப்பானில் குண்டாக இருப்பது சட்ட விரோதம், அபராதம் விதிப்பார்கள்' என்னும் செய்தி உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். அது உண்மையன்று. தனிநபர் எவருக்கும் அபராதம் இல்லை. பரிசோதனையையும் அறிவுரையையும் போதிய அளவு நடத்தாத காப்பீட்டு அமைப்புகள், முதியோர் மருத்துவ நிதிக்குச் செலுத்தும் பங்குத் தொகையே கூடுதலாகக்கூடும்.

இத்திட்டம் பலன் தந்ததா? இதை அறிய ஆய்வாளர்கள் கையாண்ட முறை எளிமையானது. 84.8 சென்டிமீட்டர் இடுப்புள்ள ஆணுக்கும் 85.2 சென்டிமீட்டர் இடுப்புள்ள ஆணுக்கும் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு இருக்க இயலாது. அளவு நாடா பிடித்தவரின் கை சற்று இறுகினாலே அந்த வேறுபாடு வந்துவிடும். ஆயினும் ஒருவருக்கு அழைப்பு வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. எல்லைக்கோட்டின் இரு பக்கமும் நிற்கும் இவர்களைச் சில ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டால், அழைப்பின் பலன் மட்டும் தனித்துத் தெரியும்.

சுமார் 75 ஆயிரம் ஆண்களின் பதிவுகளை இவ்வாறு ஒப்பிட்ட ஆய்வு 2020 இல் வெளியானது. ஓராண்டின் முடிவில் அழைப்புப் பெற்றவர்களின் எடை சராசரியாக 0.29 கிலோ குறைந்திருந்தது. கால் கிலோவைச் சற்றே தாண்டும் அளவுதான். மூன்று, நான்கு ஆண்டுகளில் அந்த வேறுபாடும் மங்கிவிட்டது. இரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, எச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஆகியவற்றில் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை.

இம்முடிவைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இங்கு அளக்கப்பட்டது அழைப்பின் பலன். அழைப்பு வந்தவர்களுள் பெரும்பாலோர் அறிவுரைக்குச் செல்லவே இல்லை. தகுதியுடையோரில் 45 விழுக்காட்டினர் அறிவுரையை முடிக்க வேண்டும் என்பது அரசின் இலக்கு. 2019 இல் கூட முடித்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவே. எனவே இம்முடிவு, பெருந்திரளான மக்களுக்குக் கடிதம் அனுப்பி ஒருமுறை பேசுவதால் பெரிதாக எதுவும் மாறாது என்பதையே காட்டுகிறது. அறிவுரையே வீண் என்பதற்கு அது சான்றாகாது.

2024 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் இதன் எதிரொலியாகவே எனக்குத் தோன்றுகின்றன. முன்பு எத்தனை முறை பேசினார்கள், எத்தனை நிமிடம் பேசினார்கள் என்று கணக்கிட்டு மதிப்பெண் அளிக்கப்பட்டது. இப்போது எடை 2 கிலோவும் இடுப்பு 2 சென்டிமீட்டரும் குறைந்ததா என்பதே முதன்மை அளவுகோல். 10 கிலோ, 15 கிலோ என்னும் இலக்கை ஜப்பான் அரசு வைக்கவில்லை என்பதை எடை குறைக்க முயன்று மனம் தளர்ந்தவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

பலமுறை பேசினால்?

அதே ஜப்பானில், அதே கேள்விக்கு வேறு விடை தந்த ஆய்வுகளும் உள்ளன. உடல் எடை மிகுந்து, வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்று உயர்ந்திருந்த, இன்னும் நீரிழிவு வராத 641 பேர் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு மூன்று ஆண்டுகளில் 9 முறையும் மறு குழுவினருக்கு 4 முறையும் தனித்தனியே ஆலோசனை தரப்பட்டது. மூன்றாண்டு முடிவில் முதற்குழுவில் 12.2 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் குழுவில் 16.6 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. 2011 இல் வெளியான இந்த ஆய்வின் இரண்டாம் குழுவினரும் ஆலோசனை பெற்றவர்களே. வேறுபாடு எண்ணிக்கையில் மட்டுமே இருந்தது. எச்பிஏ1சி அளவு 5.6 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களிடமே பலன் தெளிவாகத் தென்பட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் உயர்ந்து மற்றவை சரியாக இருந்தவர்களிடம் அப்படித் தென்படவில்லை.

நம் நாட்டிலும் இது சோதிக்கப்பட்டுள்ளது. சென்னையில் மருத்துவர் ஏ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006 இல் வெளியான ஆய்வில், நீரிழிவுக்கு முந்தைய நிலையிலிருந்த 531 பேர் பங்கேற்றனர். மூன்றாண்டுகளில் வழக்கமான பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினருக்கும், உணவு, உடற்பயிற்சி பற்றித் தொடர்ந்த வழிகாட்டுதல் பெற்றவர்களில் 39.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றவர்களின் அளவும் ஏறத்தாழ இதே அளவுதான். ஜப்பானிய எண்களையும் சென்னை எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் கூடாது. பங்கேற்றோர் வேறு, தொடக்க நிலை வேறு. நம் மக்களிடம் நீரிழிவுக்கு மாறும் வேகம் மிகுதி என்பதை மட்டும் மனத்தில் கொள்க.

நீரிழிவு வந்துவிட்டவர்களுக்கு?

1996 இல் ஜப்பானின் 59 மருத்துவ நிலையங்களில் இரண்டாம் வகை நீரிழிவுள்ள 2,033 பேரைக் கொண்டு நீண்டகால ஆய்வொன்று தொடங்கப்பட்டது. அனைவருக்கும் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. பாதிப் பேருக்கு மட்டும், மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு முறையும் வாழ்க்கை முறை பற்றிய கல்வியும், இடையிடையே தொலைபேசி வழி ஆலோசனையும் கூடுதலாக வழங்கப்பட்டன. எட்டு ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, இரு குழுக்களின் சர்க்கரை அளவிலும் எடையிலும் பெரிய வேறுபாடு இல்லை. மாரடைப்பு, சிறுநீரகப் பாதிப்பு, விழித்திரைப் பாதிப்பு ஆகியவையும் இரு குழுக்களிலும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் பக்கவாதம் மட்டும் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 1,000 பேருக்கு ஆண்டொன்றுக்கு 9.5 ஆகவும், கல்வி பெற்ற குழுவில் 5.5 ஆகவும் இருந்தது.

சர்க்கரை அளவு நகராமல் பக்கவாதம் எவ்வாறு குறைந்தது? அளக்கப்பட்ட காரணிகளைக் கொண்டு அதை முழுமையாக விளக்க இயலவில்லை. அளக்கப்படாத ஏதோ ஒன்று, உணவிலோ நடையிலோ மருந்தைத் தவறாமல் உட்கொள்வதிலோ, மாறியிருக்கலாம். ஓர் ஆய்வின் ஒரு முடிவை மட்டும் வைத்து உறுதி கூற இயலாது என்பதே என் கருத்து. எனினும் அடுத்து வந்த ஆய்விலும் பக்கவாதமே குறைந்தது என்பது கவனத்திற்குரியது.

அது டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கதோவாக்கி தகாஷி தலைமையில், 45 முதல் 69 வயது வரையுள்ள 2,542 நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு. எச்பிஏ1சி 6.2க்குக் கீழ், இரத்த அழுத்தம் 120/75க்குக் கீழ், கெட்ட கொழுப்பு 80க்குக் கீழ் என மிகக் கடுமையான இலக்குகள் ஒரு குழுவினருக்கு வகுக்கப்பட்டன. மற்றக் குழுவினருக்கு அப்போதைய வழிகாட்டு நெறிகளின்படி 6.9, 130/80, 120 என்பவை இலக்குகள். 2017 இல் முடிவுகள் வெளியாயின. மாரடைப்பு, பக்கவாதம், உயிரிழப்பு ஆகியவை அனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, கடுமையான சிகிச்சைக் குழுவில் 19 விழுக்காடு குறைவாகத் தென்பட்டாலும், அது தற்செயலாக வந்ததன்று என்று சொல்லும் அளவுக்கு உறுதி பெறவில்லை. தனியே எடுத்துப் பார்த்த மூளை இரத்தக்குழாய் நோய்கள் மட்டும் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தன. மறுபுறம், கடுமையான சிகிச்சைக் குழுவில் தாழ் சர்க்கரை நிலை மிகுதியாக ஏற்பட்டது. உயிருக்கு ஆபத்தான வகை அரிதாகவே நேர்ந்தது.

முதியவருக்குச் சர்க்கரை மிகக் குறைவாக இருக்கலாமா?

பராமரிப்பாளர்கள் இப்பகுதியைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன். மேற்கண்ட ஆய்வில் 70 வயதைக் கடந்தவர் எவரும் தொடக்கத்தில் சேர்க்கப்படவில்லை. '6.2க்குக் கீழ் நல்லது' என்று எங்கோ படித்துவிட்டு, 80 வயதுத் தாயாரின் அறிக்கையில் 6.1 கண்டு மகிழ்ந்து வரும் பிள்ளைகளை நான் புறநோயாளிப் பிரிவில் காண்கிறேன். அந்தத் தாயார் இன்சுலின் போட்டுக்கொள்பவராகவும், விடியற்காலையில் வியர்த்து, தடுமாறி, பேச்சுக் குழறுபவராகவும் இருந்தால் அந்த 6.1 ஓர் எச்சரிக்கை ஆகும்.

2016 இல் ஜப்பான் நீரிழிவுச் சங்கமும் முதியோர் மருத்துவச் சங்கமும் இணைந்து, 65 வயதைக் கடந்தோருக்கெனத் தனி இலக்குகளை வெளியிட்டன. அவற்றில், இன்சுலின் அல்லது கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற, தாழ் சர்க்கரையை உண்டாக்கக்கூடிய மருந்துகளைப் பெறுவோருக்கு, எச்பிஏ1சி இந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்னும் கீழ் எல்லையும் வகுக்கப்பட்டது. 65 முதல் 74 வயது வரை, நினைவாற்றலும் அன்றாடச் செயல்பாடும் நன்றாக உள்ளவருக்கு மேல் எல்லை 7.5, கீழ் எல்லை 6.5. அதே நிலையிலுள்ள 75 வயதைக் கடந்தவருக்கு 8.0, 7.0. மறதி நோய் முற்றியவருக்கும், உண்ணவும் உடுத்தவும் பிறர் உதவியை நாடுபவருக்கும், பல நோய்கள் சேர்ந்தவருக்கும் 8.5, 7.5.

இந்த வகைப்பாட்டிற்குத் தேவையான தகவல் இரத்தப் பரிசோதனையில் கிடைப்பதில்லை. அவர் தாமே மாத்திரையை எடுத்துக்கொள்கிறாரா, கடைக்குச் சென்று மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறாரா, குளிக்க உதவி வேண்டுமா என்பதை அறிந்தவர் உடனிருக்கும் நீங்கள் மட்டுமே. மருத்துவர் கேட்காவிட்டாலும் இவற்றைச் சொல்லுங்கள். மேற்கண்ட எண்கள் ஜப்பானிய மருத்துவர்களுக்கான வழிகாட்டி. உங்கள் குடும்பத்தாருக்கான இலக்கை அவரது மருத்துவரே வகுக்க வேண்டும். மருந்தின் அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

ஊரே கற்றுக்கொண்ட இடங்கள்

1951 முதல் 1980 வரை ஜப்பானியரின் இறப்புக் காரணங்களில் பக்கவாதமே முதலிடத்தில் இருந்தது. உப்பிட்ட மீனும் ஊறுகாயும் மிசோ என்னும் சோயா விழுதுச் சாறும் நாள்தோறும் உண்ணப்பட்ட வடகிழக்கு ஊர்களில் இது மிகக் கடுமையாக இருந்தது. அகிதா மாகாணத்தில் 1963 முதல் இரு ஊர்களில் நடந்த பணி அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இரண்டிலும் பரிசோதனை நடந்தது. ஒன்றில் மட்டும் உயர் அழுத்தமுள்ளவர்களை வீடு தேடிச் சென்று சிகிச்சையில் தொடர வைத்தல், உப்புக் குறைப்புக் கல்வி, ஊர்த் தன்னார்வலர் பயிற்சி ஆகியவை முழுமையாக நடந்தன. 1980களின் நடுப்பகுதிக்குள் அங்கு ஆண்களிடையே பக்கவாதம் 75 விழுக்காடு குறைந்தது. குறைந்த அளவில் பணி நடந்த ஊரில் 29 விழுக்காடு குறைந்தது. பெண்களிடம் இரு ஊர்களுக்கிடையே அத்தகைய வேறுபாடு உறுதிப்படவில்லை.

நகானோ மாகாணத்தின் சாகு மத்திய மருத்துவமனைக்கு 1945 இல் வந்த மருத்துவர் வகாத்சுகி தோஷிகாசு இன்னொரு வழியைக் கண்டார். கிராமங்களுக்கு மருத்துவக் குழுவுடன் சென்ற அவர், சிகிச்சை முடிந்த பின் அதே குழுவினரைக் கொண்டு நாடகம் நடத்தினார். நாடகங்களை அவரே எழுதினார். துண்டறிக்கை படிக்காதவர்கள் நாடகம் பார்க்க வந்தனர். 1959 இல் யாச்சிஹோ என்னும் சிற்றூரில் ஊர் முழுமைக்குமான ஆண்டுப் பரிசோதனை தொடங்கியது. பின்னாளில் நாடு முழுவதற்குமான முதியோர் நலப் பரிசோதனைக்கு இதுவே முன்மாதிரியானது. 1976 இல் அவருக்கு மகசேசே விருது வழங்கப்பட்டது.

தெரு நாடகத்தின் வலிமையை நாம் அறியாதவர்கள் அல்லர். ஒரு முற்பகலில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் ஒருவருக்கு ஒதுக்கும் இரண்டு நிமிடத்தில் உப்பைப் பற்றி எவ்வளவு சொல்லிவிட முடியும்? என் பணியிலும் இந்தக் குறை உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை.

உப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. சோடியம் குறைந்த உப்பு எனக் கடைகளில் விற்கப்படுபவற்றில் பொட்டாசியம் சேர்க்கப்பட்டுள்ளது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், எனலாபிரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதற்கு மாறுதல் கூடாது.

வீட்டிலிருந்தே அளத்தல்

இவாத்தே மாகாணத்தின் ஓஹசாமா ஊரில், 1980களின் பிற்பகுதியில், வீடுகளுக்கு இரத்த அழுத்தமானிகள் வழங்கப்பட்டு மக்களே அளந்து குறிக்கப் பழக்கப்பட்டனர். மருத்துவமனையில் அளந்ததைவிட வீட்டில் அளந்த அளவே பின்னாளைய இறப்பையும் பக்கவாதத்தையும் சரியாக முன்னறிவித்தது. இரண்டும் வேறுபட்டால் வீட்டு அளவுக்கே முதன்மை தருமாறு ஜப்பானிய வழிகாட்டு நெறி 2014 இல் கூறியது. வீட்டில் 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் அழுத்தம் எனக் கொள்ளப்படுகிறது.

அங்குக் கற்பிக்கப்படும் முறை இது: காலையில் எழுந்து ஒரு மணி நேரத்திற்குள், சிறுநீர் கழித்த பின், மாத்திரைக்கும் சிற்றுண்டிக்கும் முன், ஓரிரு நிமிடம் அமைதியாக அமர்ந்து அளக்க வேண்டும். இரவில் உறங்கும் முன் மீண்டும் அளக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் இருமுறை அளந்து, வந்த எண்களை அப்படியே எழுத வேண்டும். மருத்துவருக்கு மகிழ்ச்சி தருமென்று நல்ல எண்ணை மட்டும் எழுதி வருபவர்கள் உண்டு. அந்த எண்ணைக் கொண்டுதான் உங்கள் மருந்து முடிவாகிறது.

சிகிச்சையை விட்டு விலகியவர்கள்

எல்லாவற்றிலும் எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தோன்றும் ஆய்வு சர்க்கரையை அளக்காமல் வருகையை எண்ணியது. ஜப்பானிலும் நீரிழிவு நோயாளிகள் பாதியில் சிகிச்சையை நிறுத்திவிடுகின்றனர். உடலில் துன்பம் எதுவும் தெரியாததால் வேலை நாளில் மருத்துவமனைக்குச் செல்ல மனம் வருவதில்லை. 11 வட்டார மருத்துவர் சங்கங்களில் நடந்த ஆய்வில், ஒரு பகுதியினருக்கு வரவேண்டிய நாளை நினைவூட்டி, நேரிலோ தொலைபேசியிலோ வாழ்க்கை முறை ஆலோசனை வழங்கி, மருத்துவர்களுக்கும் அவர்களது சிகிச்சையின் தரம் குறித்த தகவல் அளிக்கப்பட்டது. வழக்கமான முறையில் 100 பேருக்கு ஆண்டுக்கு 8 பேர் விலகிய இடத்தில், இம்முறையில் 3 பேரே விலகினர்.

நினைவூட்டும் தொலைபேசி அழைப்பை மருத்துவமனையால் எல்லோருக்கும் செய்ய இயலாத இடங்களில், அதைச் செய்ய வல்லவர் வீட்டிலுள்ளவரே. அடுத்த வருகைத் தேதியை நாட்காட்டியில் எழுதி வைப்பது, மாத்திரை தீர ஐந்து நாட்களுக்கு முன்பே நினைவூட்டுவது, உடன் வருவது ஆகியவை அங்குச் சோதித்தறியப்பட்ட உதவியின் வீட்டு வடிவங்கள்.

புரியாவிட்டால் கேளுங்கள்

உலகிலேயே நீண்ட ஆயுள் கொண்ட நாடுகளுள் ஒன்றான ஜப்பானில், 2015 இல் வெளியான ஓர் ஆய்வு உடல்நலத் தகவலைத் தேடி, புரிந்து, பயன்படுத்தும் திறனை அளந்தது. ஐரோப்பிய நாடுகளில் 47.6 விழுக்காட்டினருக்கு இத்திறன் குறைவாக இருந்தபோது, ஜப்பானில் 85.4 விழுக்காட்டினருக்குக் குறைவாக இருந்தது. எழுத்தறிவு மிக்க மக்களுக்கே மருத்துவர் சொல்வது கடினமாக இருக்கிறதென்றால், உங்களுக்குப் புரியாதபோது வெட்கப்பட எதுவும் இல்லை.

அடுத்த வருகையின்போது வீட்டு இரத்த அழுத்தக் குறிப்பையும், உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் அட்டைகளையும், நாட்டு மருந்துகள் உட்பட, எடுத்து வாருங்கள். வீட்டில் சமைப்பவரையும் முடிந்தால் அழைத்து வாருங்கள். மருத்துவரோ செவிலியரோ சொன்னதை அங்கேயே உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, 'நான் புரிந்துகொண்டது சரிதானா?' என்று கேளுங்கள். முகம் ஒருபுறம் கோணுதல், கை கால் திடீரெனச் செயலிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் வருகைத் தேதிக்குக் காத்திராமல் உடனே 108 அழையுங்கள்.